அரை வெல்லக் கஞ்சி

ஈக்குச் சமைத்துப் போடுகிறவன் என்று சொன்னால் மைசூரில் எவனும் பெண் கொடுக்க மாட்டான். தம்மய்யா பிழைத்தான். வேலையில் சேர்ந்தபோதே அவனுக்குத் தேவீரம்மாவோடு கல்யாணம் முடிந்திருந்தது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது இல்லை. ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அடுப்படி. அண்டாவில் வெல்லத்தைக் கரைத்து, கோதுமை ரவையைக் கொட்டி, கடல்பாசித் தூள் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்டவேண்டும். பூஞ்சை பிடிக்காதிருக்க ஒரு மருந்து விட்டு, கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி ஆறவைக்கவேண்டும். மேலே ஈஸ்ட் தூவி, ஈயை உள்ளே விட்டு, பஞ்சால் வாயை அடைத்துவிட்டால் ஆயிற்று. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தப் பொடி ஈதான். அங்கேயே தின்னும், அங்கேயே முட்டையிடும், அங்கேயே சாகும். அதைப் பார்த்து எழுதி, படித்த பிள்ளைகள் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதிலெல்லாம் தம்மய்யாவுக்கு மனக்குறை கிடையாது. அவனுடைய மனக்குறைக்குப் பேர் பிரபுசாமி.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள், இவன் அடுப்படிக்கு, அவன் ஈ வளர்ப்பில் கைத்துணைக்கு. ஒரே வயது. தம்மய்யாவுக்கு முடி கொட்டிவிட்டது, தொப்பை விழுந்துவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. வெல்லத்தைக் கிண்டிக் கிண்டியே அது ஒட்டிக்கொண்டது என்று அவனாகவே ஒரு காரணம் வைத்திருந்தான். பிரபுசாமிக்கு இவை எதுவும் இல்லை. தேவராஜா மார்க்கெட் பக்கம் போனால் மைசூர்பாகு வாங்கி, நெய் வடிய வடிய நின்ற இடத்திலேயே தின்பான். தலைமுடி கன்னங்கரேல் என்று நிற்கும். சாயமாகத்தான் இருக்கும் என்று தம்மய்யா பல நாள் அவன் பிடரியில் கறை தேடியிருக்கிறான். அகப்படவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்த தேவீரம்மா வீட்டில் கேட்டாள்:

"ஏங்க, அந்தப் பிரபண்ணா உங்களோட சேர்ந்தவருதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

திட்டியிருந்தால்கூட அன்றைக்கு அவன் தூங்கியிருப்பான். அந்த 'ஒண்ணுமில்ல'வோடு விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

இந்த நிலையில்தான் ஜவரய்யா ஓய்வு பெறப் போகும் சேதி வந்தது. ஈ ரூமின் பொறுப்பாளர் அவர். நூற்றுக்கணக்கான ஈ வம்சங்கள் அந்த அறையில் இருந்தன. வெள்ளைக் கண் வம்சம், சுருள் இறக்கை வம்சம், கறுத்த உடம்பு வம்சம் என்று எல்லாமே அவர் கையால் தலைமுறை தலைமுறையாகக் குப்பி மாறி வந்தவை. ஒன்றுகூட அவரிடம் அற்றுப்போனதில்லை. அதற்கு அங்கே கைகுணம் என்று பேர். சில வைத்தியர்கள் தொட்டால் நோய் இறங்குகிற மாதிரி, சிலர் கையில் ஈ நிற்கும், சிலர் கையில் நிற்காது. படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் பரீட்சை நெருங்கினால் தங்கள் குப்பிகளை ஜவரய்யாவிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

ஈ ரூம் சாவி இனி யாருக்கு? ஆய்வகத் தலைவி மந்தாகினி மேடம் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"உகாதி வரைக்கும் பார்க்கலாம். யார் கையில ஈ நல்லா நிக்குதோ அவங்களுக்கு."

பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். பிரபுசாமி சிரித்துவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தான். தம்மய்யா அதை மனசில் ஆணியடித்து மாட்டிக்கொண்டான்.

தசரா முடிந்து யானைகள் காட்டுக்குத் திரும்பிய வாரம், ஸ்பூர்த்தி தன் ஆராய்ச்சியை ஆரம்பித்தாள். சிவமொக்கா பக்கத்துப் பெண். மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு. இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"தம்மண்ணா, பிரபண்ணா, ரெண்டு பேரும் கேளுங்க. ஈ உடம்புக்குள்ள குட்டிக் குட்டியா ஆர்.என்.ஏ. இருக்கு. அது தானா எதையும் செய்யாது. கல்யாணச் சமையல்ல ஒரு பெரியவர் அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டு 'உப்பு போதும், நெய் போதும், இறக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு இல்ல? கரண்டியைத் தொட மாட்டாரு. ஆனா அவரு இல்லன்னா சமையல் கெட்டுடும். அந்த மாதிரி."

"நம்ம ஜவரய்யா மாதிரின்னு சொல்லு" என்றான் பிரபுசாமி.

"அதேதான்! இப்போ அதுல ஒண்ணை மட்டும் எடுத்துட்ட ஒரு வம்சம் இருக்கு, பிரபண்ணா வளர்த்துக் குடுத்தது. போதும்னு சொல்ல ஆளில்லாத ஈ. தின்னதை எப்படிச் செலவழிக்குது, கொழுப்பை எப்படிச் சேர்க்குது, எவ்வளவு நாள்ல கிழடு தட்டுது, இதைத்தான் பார்க்கணும்."

"சீக்கிரம் செத்துடுமா?" என்று கேட்டான் தம்மய்யா.

"அதைச் சொல்லிட்டா அப்புறம் எதுக்கு எண்ணுறது? சில குட்டி ஆர்.என்.ஏ.வை எடுத்தா ஆயுசு குறையும், சிலதை எடுத்தா கூடும்னு சொல்றாங்க. இது எந்த ரகம்னு போகப் போகத்தான் தெரியும்."

இரண்டு தட்டு. ஒன்றில் குப்பிகளுக்கு மஞ்சள் சீட்டு, இன்னொன்றில் நீலச் சீட்டு. எது அந்தக் குறை ஈ, எது முழு ஈ என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யும். மஞ்சள் தம்மய்யாவுக்கு, நீலம் பிரபுசாமிக்கு என்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். ஒரே மேசையில் வைத்து மாற்றினால் தப்பிப் பறக்கிற ஒரு ஈ இதிலிருந்து அதில் விழுந்து, இரண்டும் கலந்துபோகும் என்ற பயம். ஈ ரூமில் 'கலப்பு' என்பதுதான் இருக்கிறதிலேயே கெட்ட வார்த்தை.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஈயைப் புதுக் குப்பிக்கு மாற்றவேண்டும். பழைய குப்பியைத் தட்டி, பஞ்சை உருவி, புதுக் குப்பி வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்து, மறுபடி ஒரு தட்டு. உயிருள்ளது விழுந்து மேலேறும். செத்தது பழைய குப்பியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை எண்ணி எழுதிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும்.

தீபாவளிக்குள்ளேயே தம்மய்யாவின் குப்பிகளில் சாவு விழ ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கைப்பிடி கைப்பிடியாக. அந்தப் பக்கம் பிரபுசாமியின் நீலத் தட்டில் திருவிழாக் கூட்டம் மாதிரி ஈ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவனோ வாயில் பாக்கைக் குதப்பிக்கொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, பாதி கவனத்தில்தான் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா தம்மய்யா, உன் பக்கம் தினம் ஒரு கருமாதியா இருக்கு?" என்றான் ஒருநாள். "கஞ்சில ஏதாவது போட்டுட்டியா?"

"ஒரே அண்டாய்யா. நீயும் அதைத்தானே ஊத்துற?"

"அப்போ கையில இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தான் பிரபுசாமி. சொன்னவன் அந்த நிமிஷமே மறந்துவிட்டான். கேட்டவன் மறக்கவில்லை.

சாதாரணமாக யோசிக்கிறவனுக்கு ஒரு விஷயம் உடனே பட்டிருக்கும்: மஞ்சள்தான் குறை ஈ, அது சாகத்தான் செய்யும். தம்மய்யாவுக்கும் ஒருதரம் அந்த நினைப்பு வந்தது. ஆனால் பொறாமை அதை உட்காரவிடவில்லை. குறை ஈயின் ஆயுசு கூடலாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாளே! அப்படியானால் பிரபுசாமியிடம் இருப்பது அதுவாக இருக்கலாம். அந்த அதிர்ஷ்டக்கட்டைக்கு அதுதான் போய்ச் சேர்ந்திருக்கும். நமக்கு வந்தது சாதா ஈ, அதையும் நாம் கொன்றுகொண்டிருக்கிறோம். மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜவரய்யா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜவரய்யா ஒருநாள் மஞ்சள் தட்டுக்கு முன்னால் நின்று "ச்ச்ச்" என்று ஒரு உச்சுக்கொட்டல் வேறு போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் தம்மய்யாவின் சாப்பாட்டு டப்பாவில் தேவீரம்மா வைத்தது ஒரு சின்ன ராகிக் களி உருண்டை, நிறைய கீரை. முத்தெ என்கிற அந்த உருண்டை இத்தனூண்டா என்று அவன் காலையிலேயே சண்டை போட்டிருந்தான். "டாக்டர் என்ன சொன்னாரு? அரை வயிறு சாப்பிட்டா முழு ஆயுசுன்னாரு இல்ல? வாயை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று அவள் டப்பாவை மூடிக் கையில் திணித்திருந்தாள்.

அந்த உருண்டையைக் கீரைச் சாற்றில் தோய்த்து விழுங்கும்போதுதான் பொறி தட்டியது. அரைப் பட்டினி ஈ நெடுநாள் நிற்கும் என்பது ஈ ரூமில் எல்லாருக்கும் தெரிந்த பழங்கதை. முட்டை குறையும், ஆயுசு கூடும்.

மறுநாளிலிருந்து அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரமும் ஏறியது. அதில் வெல்லம் பாதி, ரவையும் குறைச்சல். ஈஸ்ட் தூவுவதாக ஒரு பாவனை, அவ்வளவுதான். நிறம் வெளுத்துப்போகாமல் இருக்க, வாணலியில் கொஞ்சம் வெல்லத்தைக் கருக்கிச் சேர்த்தான். பொறாமைக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வருமோ தெரியாது. மஞ்சள் தட்டுக்கு மட்டும் அந்தக் கஞ்சி.

கொஞ்ச நாளில் சாவு மட்டுப்பட்டது. பிறகு, நம்புங்கள், நின்றே போயிற்று என்று சொல்கிற அளவுக்குக் குறைந்தது. மிச்சமிருந்த ஈக்கள் மெலிந்து, சுறுசுறுப்பாகக் குப்பிச் சுவரில் ஏறின. தம்மய்யா ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தன் பிள்ளை மெட்ரிக் பாஸ் செய்தபோதுகூட அவன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. பிரபுசாமியின் நீலத்தில் வயசான ஈக்கள் மெல்ல விழ ஆரம்பித்தன.

"உன் பக்கம் என்னய்யா, சாவு விழுது?" என்று இப்போது இவன் கேட்டான்.

"வயசாச்சுன்னா விழத்தானே செய்யும்" என்றான் பிரபுசாமி, பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே.

எரிச்சல்படக்கூட மாட்டேன் என்கிறானே, அதுதான் தம்மய்யாவுக்குத் தாங்கவில்லை.

மார்கழிக் குளிர் விடுவதற்குள் இரண்டு தட்டும் ஓய்ந்தன. கடைசி ஈ மஞ்சள் தட்டில்தான் செத்தது. தம்மய்யா அதைச் சோப்புத் தண்ணீரில் கொட்ட மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.

சங்கராந்திக்கு மறுநாள், சீட்டு ரகசியத்தை உடைப்பதாக ஏற்பாடு. ஸ்பூர்த்தி எல்லாருக்கும் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கடலையும் கலந்த பொட்டலம் கொண்டுவந்தாள். "எள்ளு வெல்லம் தின்னுட்டு நல்ல பேச்சா பேசுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். தம்மய்யா சர்க்கரையை மறந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். ஜவரய்யா நாற்காலியில், மற்றவர்கள் நின்றபடி. நாளாக நாளாக எத்தனை ஈ மிச்சம் என்று மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்றாக மேடம் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்.

ஸ்பூர்த்தியின் முகம் சரியில்லை.

"மஞ்சள்தான் அந்தக் குறை ஈ" என்றார் மேடம். "முதல்ல பாருங்க, மளமளன்னு விழுது. சரி, போதும்னு சொல்ல ஆளில்ல, கொழுப்பு ஏறுது, சீக்கிரம் கிழடாகுதுன்னு நாமளும் நினைச்சோம். அப்புறம் பாருங்க. ஏரிக்கரை மாதிரி தட்டையாப் போகுது. ஏன்?"

மேடம் அந்தத் தட்டையான கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"எனக்கு ஒரே காரணம்தான் தோணுது. கலப்பு. குறை ஈக்குள்ள முழு ஈ கலந்திருக்கு. குறை ஈயெல்லாம் முன்னாடியே செத்துடுச்சு. கலந்துபோன நல்ல ஈ கடைசி வரைக்கும் நின்னுடுச்சு. பிரபுசாமி, இந்த வம்சத்தை வளர்த்துக் குடுத்தது நீங்கதானே?"

பிரபுசாமியின் வாயில் பாக்கு அசைவது நின்றது. "நான்தாம்மா. ஆனா கலப்பு... என் கையில அப்படி ஆனதே இல்லம்மா."

"செத்த ஈயை எல்லாம் கொட்டியாச்சு. சோதிச்சுப் பார்க்கவும் வழியில்ல. இந்தப் பொண்ணுக்கு மூணு நாலு மாசம் வீண்."

பிரபுசாமி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கன்னங்கரேல் தலை குனிந்து தம்மய்யா பார்த்ததே இல்லை. நாக்கில் வெல்லம் கரைந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் அவன் தின்ற வெல்லத்திலேயே ருசியான வெல்லம் அதுதான். ஜவரய்யாவின் இடுப்பில் தொங்கிய சாவியை ஒரு பார்வை பார்த்தான். இனி வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

மேடம் அவன் பக்கம் திரும்பினார். "தம்மய்யா, உங்க மேல தப்பில்ல. உங்க தட்டுல ஈ அவ்வளவு நாள் நின்னது பிரபுசாமியோட அந்த முழு ஈயாலதான். நல்ல வாட்டமான ஈ."

வெல்லம் கசந்துபோயிற்று.

"யாரு ஈ?" என்றான் தம்மய்யா.

"பிரபுசாமி வளர்த்த..."

"அவன் ஈயா? மேடம், அது அவன் ஈயும் இல்ல, அவன் தாத்தா ஈயும் இல்ல! சாகக் கிடந்ததை நான் இழுத்து நிறுத்துனேன். இவன் பாட்டுப் பாடிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். இவனுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

"நீங்க நிறுத்துனீங்களா? எப்படி?" மேடத்தின் குரல் மெத்தென்று இருந்தது. அந்த மெத்தையில் தம்மய்யா பொத்தென்று விழுந்தான்.

"அரை வெல்லம்! தனிப் பாத்திரத்துல தனிக் கஞ்சி. ரவை குறைச்சல், ஈஸ்ட் பேருக்கு. கருக்கின வெல்லத்துல கலரு குடுத்தேன், ஒருத்தருக்கும் தெரியாது. அன்னையிலிருந்து பாருங்க, சாவு நின்னுச்சா இல்லையா? அதுக்குப் பேரு கைகுணம் மேடம். இவனுக்கு..."

ஸ்பூர்த்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தம்மய்யாவின் வாய் மெதுவாக நின்றது.

"தவளை தன் வாயால கெட்டுச்சு" என்று ஜவரய்யா நாற்காலியிலிருந்து சொன்னார். சத்தமாகக்கூட இல்லை.

மேடம் கத்தவில்லை. முதலில் ஸ்பூர்த்தியைத்தான் பிடித்தார். "ஒரு தட்டை முழுசா ஒரே ஆள்கிட்ட யாரு குடுக்கச் சொன்னது? ரெண்டு நிறத்தையும் பாதிப் பாதி பிரிச்சு ரெண்டு பேர்கிட்டயும் குடுத்திருந்தா இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." பிறகு இவனிடம்: "அரைப் பட்டினியில ஈ நெடுநாள் வாழும்னு உலகத்துக்கே தெரியும் தம்மய்யா. நாம கேட்ட கேள்வி அது இல்ல. அளவு இல்லாத கஞ்சியை வச்சு நான் என்னத்தை எழுதுவேன்?"

எல்லாரும் போன பிறகு தம்மய்யா ஸ்பூர்த்தியிடம் போய், "தப்புதாம்மா" என்றான். அவள் தலையாட்டினாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் பிரபுசாமி வந்து இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"தம்மய்யா, இருபது வருஷப் பேரு எனக்கு. இன்னைக்குப் போயிருக்கும். நீ பேசாம நின்னிருந்தா சாவி உனக்குத்தான். எனக்காக உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே!"

தம்மய்யா கையை உருவிக்கொண்டான். "யோவ், உனக்காக ஒண்ணும் இல்லய்யா."

"பெரிய மனுஷன் அப்படித்தான் சொல்வான்."

"சத்தியமா இல்லய்யா! எனக்கு உன்னைப் பிடிக்கவே பிடிக்காது!"

பிரபுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "பாரு, இப்பவும் விளையாட்டு."

அதோடு விட்டானா? சரஸ்வதிபுரம் டீக்கடையிலிருந்து வங்கி வாசல் வரைக்கும் சொல்லிவிட்டான். கேட்டவர்கள் தம்மய்யாவைப் பாராட்டினார்கள், ஒரு வாக்கியம். பிறகு, இப்படி ஒருத்தன் செய்த உதவியை வாய் ஓயாமல் சொல்கிறானே, பிரபுசாமிக்கு என்ன மனசு என்று பத்து வாக்கியம். பொய்யாகக் கிடைத்த நல்ல பேரிலும் முக்கால் பங்கை அவனே கொண்டுபோனான்.

உகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் தின்ற கையோடு ஜவரய்யா சாவியைப் பிரபுசாமியிடம் கொடுத்தார். தம்மய்யாவின் வேலை போகவில்லை. பிரபுசாமிதான் மேடத்திடம் கெஞ்சிக் காப்பாற்றினான். அதையும் சேர்த்துத்தான் தம்மய்யா சுமக்கவேண்டி வந்தது. அடுப்படி கைமாறியது, கஞ்சி இனி வேறு ஆள். ஸ்பூர்த்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை மஞ்சளும் நீலமும் பாதிப் பாதி, இரண்டு பேருக்கும். எதிரெதிர் மேசை.

வெயில் ஏற ஏற மஞ்சள் குப்பிகளில் சாவு விழுந்தது. முழு வெல்லம், முழு ஈஸ்ட், தின்று கொழுத்துப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. தம்மய்யா கையைக் கட்டிக்கொண்டு விழவிட்டான். அது லேசான வேலை இல்லை. எண்ணினான், எழுதினான், கொட்டினான். எழுதி முடித்ததும் கழுத்தை நீட்டி எதிர் மேசையைப் பார்த்தான்.

பிரபுசாமியின் மஞ்சளிலும் சாவு. கொஞ்சம் கூடவே இருக்கும்போல.

"எவ்வளவுய்யா?" என்று கேட்டான்.

பிரபுசாமி சொன்னான். தம்மய்யாவின் கணக்கைவிட ஒன்று அதிகம்.

அன்றைக்கு மத்தியானம் அந்தச் சின்னக் களி உருண்டை அவனுக்கு நன்றாக இறங்கியது.